ஜெர்மனிக்கு வேலைக்கு வரப்போகிறீர்களா? முதலில் பி1, அப்புறம்தான் விசா

ஊரிலிருந்து மாதத்துக்கு இரண்டு பேராவது போன் செய்து கேட்கிறார்கள்: "அண்ணா, சான்சன்கார்டே எடுத்துக்கிட்டு வந்துடவா? வந்து வேலை தேடிக்கலாம்ல?" நான் ஸ்டுட்கார்ட்டுக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது, மெக்கானிக்கல் படித்துவிட்டு இங்கே ஒரு வடிவமைப்புப் பிரிவில் வேலை. எல்லாருக்கும் நான் சொல்லும் பதில் ஒன்றுதான். தாராளமாக வாங்க, ஆனால் ஜெர்மன் பி1 முடித்துவிட்டு வாங்க. (மொழித் தேர்ச்சியை ஏ1, ஏ2, பி1, பி2 என்று படிப்படியாக அளப்பார்கள், பி1 அதில் மூன்றாவது படி.) விசாவுக்கே அது தேவையில்லை என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள்.

சான்சன்கார்டே என்பது 2024 ஜூனில் வந்த வேலை தேடும் அனுமதி. நம் நாட்டில் அங்கீகாரம் பெற்ற பட்டமோ இரண்டு வருடத் தொழிற்பயிற்சியோ இருக்க வேண்டும், ஜெர்மன் ஏ1 அல்லது இங்கிலீஷ் பி2 இருக்க வேண்டும், அதற்கு மேல் 6 புள்ளிகள் சேர வேண்டும். கடைசி ஏழு வருடத்தில் ஐந்து வருட அனுபவம் என்றால் 3 புள்ளி, வயது 35க்குள் என்றால் 2, ஆள் பற்றாக்குறை உள்ள துறை என்றால் 1. அதாவது 28 வயது இன்ஜினியர் ஒருவர் ஒரு வார்த்தை ஜெர்மன் தெரியாமலே உள்ளே வந்துவிடலாம், சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது. கையில் இருப்பது ஒரே ஒரு வருடம், அதில் வாரத்துக்கு 20 மணி நேரம் பகுதிநேர வேலைக்குத்தான் அனுமதி, செலவுக்கு மாதம் 1,091 யூரோ வீதம் (2025 கணக்கு) வருடத்துக்கு 13,092 யூரோவை முன்கூட்டியே ப்ளாக்டு அக்கவுன்ட்டில் (மாதாமாதம் ஒரு பகுதி மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) போட்டுக் காட்ட வேண்டும். அப்பா நிலத்தை அடமானம் வைத்துக் கட்டிய பணம் மாதாமாதம் கரைவதைப் பார்த்துக்கொண்டே நேர்காணலுக்குக் காத்திருப்பது எவ்வளவு கொடுமை என்று, என் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்த ஒரு தம்பியிடம் பார்த்தேன். பெர்லினில் சாஃப்ட்வேர் வேலை என்றால் இங்கிலீஷை வைத்தே ஓட்டிவிடலாம். ஸ்டுட்கார்ட்டைச் சுற்றி இருக்கும் நூறு இருநூறு பேர் கொண்ட இயந்திரக் கம்பெனிகளில் ஷாப் ஃப்ளோரில் பேசுவது ஜெர்மன், வரைபடத்தில் எழுதியிருப்பது ஜெர்மன், மதியச் சாப்பாட்டு மேசையிலும் ஜெர்மன்தான்.

அதனால் முடிந்தவரை ஊரில் இருந்தபடியே விண்ணப்பித்து, வேலை உறுதியான பிறகு ப்ளூ கார்டில், அதாவது குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேல் வேலை கிடைத்த தகுதியாளர்களுக்குக் கொடுக்கும் வசிப்பு அனுமதியில், வருவதுதான் நல்லது. 2025இல் அதற்கு வருடச் சம்பளம் 48,300 யூரோ தேவைப்பட்டது, பற்றாக்குறைத் துறைகளுக்கும் புதிதாகப் படித்து முடித்தவர்களுக்கும் 43,759.80 போதுமானதாக இருந்தது. இந்தத் தொகை ஒவ்வொரு ஜனவரியிலும் மாறும், விண்ணப்பிக்கும் வருடத்துக்கு உரியதைப் பாருங்கள். ஐடிக்காரர்களுக்குப் பட்டமே இல்லாவிட்டாலும், கடைசி ஏழு வருடத்தில் மூன்று வருடத் தகுதியான அனுபவம் இருந்தால் இதே கார்டு கிடைக்க வழி உண்டு. இதில் வருவதால் குடும்பத்துக்கும் லாபம்: மனைவியோ கணவரோ ஏ1 சான்றிதழ் இல்லாமலே வரலாம், வந்ததும் வேலைக்கும் போகலாம். நிரந்தர வசிப்புரிமை, பி1 இருந்தால் 21 மாதத்தில், ஏ1 மட்டும் என்றால் 27 மாதத்தில். அந்த ஆறு மாத வித்தியாசமும் மொழியால் வருவதுதான்.

வேலை தேடத் தொடங்குவதற்கு முன்னால் அனாபின் என்ற அரசுத் தரவுத்தளத்தில் உங்கள் பல்கலைக்கழகத்தையும் பட்டத்தையும் தேடுங்கள். பல்கலைக்கு எதிரே எச்+ என்று, அதாவது அங்கீகாரம் உண்டு என்று, இருக்க வேண்டும். நம்மூர்த் தனியார் இன்ஜினியரிங் கல்லூரிகளில் பெரும்பாலானவை அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை, அங்கே கல்லூரிப் பெயரைத் தேடிவிட்டு "இல்லையே" என்று பயப்படாதீர்கள், பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்தின் பெயரைத்தான் தேட வேண்டும். பட்டம் அதில் இல்லையென்றால் இசட்ஏபி என்ற மத்திய அலுவலகத்திடம் 208 யூரோ கட்டி மதிப்பீட்டுச் சான்று வாங்க வேண்டும். நர்ஸ் வேலைக்கு இது போதாது, தொழில் அங்கீகாரம் தனியாக வாங்க வேண்டும், அதற்கு வழக்கமாக பி2 வரை மொழி கேட்பார்கள். நர்ஸாக வர நினைக்கும் தங்கைகள், லட்சக்கணக்கில் கேட்கும் ஏஜென்ட்டிடம் போவதற்கு முன் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் ஒருமுறை விசாரியுங்கள். வேலை வாங்கித் தருகிறேன், முன்பணம் கட்டு என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஜெர்மன் அரசின் "மேக் இட் இன் ஜெர்மனி" தளத்தில் எல்லா விதிகளும் இங்கிலீஷிலேயே இருக்கின்றன, இலவசம்.

மொழிக்குச் சென்னையில் இருப்பவர்கள் நுங்கம்பாக்கம் கோத்தே இன்ஸ்டிட்யூட், அதாவது மாக்ஸ் முல்லர் பவன், போகலாம். வேலைக்குப் போய்க்கொண்டே படித்தால் பி1க்கு ஒரு வருடமாவது பிடிக்கும். வகுப்பு எங்கே படித்தாலும் சரி, தேர்வுத் தேதியை மட்டும் முன்கூட்டியே பிடித்து வையுங்கள், இடம் சீக்கிரம் நிரம்பிவிடும்.

அடுத்தது பெயர். இதை யாரும் சொல்வதில்லை, நம்மவர்களுக்குத்தான் இந்தச் சிக்கல் அதிகம். மார்க் ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக, கல்யாணச் சான்றிதழில் வேறு மாதிரி எழுத்து. இங்கே ஒவ்வொரு அலுவலகமும் ஒரு எழுத்து மாறினாலும் கேள்வி கேட்கும். விசாவுக்குப் போடுவதற்கு முன்பே எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுங்கள், இங்கே வந்தபின் சென்னைக்கு ஆள் அனுப்பித் திருத்துவது பெரும்பாடு. அப்புறம் குடும்பப் பெயர் இடத்தில் எது இருக்கிறதோ அதுதான் இங்கே உங்கள் பெயர். எனக்கு வரும் கடிதம் எல்லாம் அப்பாவின் பெயருக்குத்தான் வரும், டாக்டர் கிளினிக்கில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது நான் எழுந்து போவேன். முதல் வருடம் அது என்னவோ போல் இருந்தது, அவர் தவறிய பிறகு அதைக் கேட்க ஆசையாக இருக்கிறது.

வீடு கிடைப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம். விளம்பரத்தில் கால்ட்மீட்டே என்று போட்டிருப்பது வெறும் வாடகை. அதோடு தண்ணீர், ஹீட்டிங், குப்பை எல்லாம் சேர்ந்தது வார்ம்மீட்டே, கணக்குப் போட வேண்டியது இரண்டாவதை வைத்து. முன்பணம் அதிகபட்சம் மூன்று மாத வெறும் வாடகை, அதற்கு மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. பல வீடுகளில் சமையலறை என்றால் நான்கு சுவரும் ஒரு தண்ணீர்க் குழாயும் மட்டும்தான். சிங்க், அடுப்பு, அலமாரி எல்லாம் நாமே போட வேண்டும், கூரையில் விளக்கு இருக்கிற இடத்தில் இரண்டு ஒயர் தொங்கும். அதனால் முதல் மூன்று நான்கு மாதத்துக்குப் பொருட்களோடு கூடிய அறை அல்லது பகிர்ந்து தங்கும் வீடு பாருங்கள். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புவார் என்று மெயில் வந்தால் அது மோசடியேதான். வீட்டைக் கண்ணால் பார்க்காமல் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள்.

அறை பார்க்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி, "இந்த முகவரியில் பதிவு செய்ய அனுமதி உண்டா?" என்பது. குடி வந்து இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், இதற்கு அன்மெல்டுங் என்று பெயர். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட ஒரு படிவம் வேண்டும். பதிந்தால்தான் வரி எண் வரும், வரி எண் இல்லையென்றால் கம்பெனி அதிகபட்ச விகிதத்தில் வரி பிடிக்கும், பல வங்கிகள் கணக்குத் திறக்கவும் அந்தப் பதிவுச் சான்றைக் கேட்கும். வரி எண் வருவது தபாலில். எனக்கு ஆறு வாரம் வரவேயில்லை. பிறகுதான் விஷயம் தெரிந்தது, தபால்பெட்டியில் என் பெயர் ஒட்டவில்லை, பெயர் இல்லாத பெட்டியில் தபால்காரர் கடிதம் போடமாட்டார், திருப்பி அனுப்பிவிடுவார். முதல் மாதச் சம்பளத்தில் அத்தனை வரி போனது ஒரு துண்டு ஸ்டிக்கரால். (அடுத்தடுத்த மாதத்தில் சரிசெய்து கொடுத்துவிட்டார்கள்.) சாவி கைக்கு வந்த அன்றே பெட்டியிலும் அழைப்பு மணியிலும் பெயரை ஒட்டிவிடுங்கள்.

சம்பளத்தை ரூபாயில் பெருக்கிப் பார்க்கும் பழக்கத்தை விடுங்கள். தனியாள் ஒருவருக்கு வருடம் 48,300 என்றால் வரி, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் போக மாதம் கைக்கு வருவது சுமார் 2,600 யூரோ. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒலிபரப்புக் கட்டணம் மாதம் 18.36 யூரோ என்று கடிதம் வரும், டிவி இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும், அது மோசடி இல்லை. நம் கையால் மற்றவர் பொருளுக்கு நேரும் சேதத்துக்கான பொறுப்புக் காப்பீட்டை முதல் மாதமே எடுத்துவிடுங்கள். தகுதிகாண் காலம் வழக்கமாக ஆறு மாதம், அதற்குள் இரண்டு வார நோட்டீஸில் அனுப்பிவிடலாம் என்பதால் அதுவரை காரும் சோபாவும் வாங்க வேண்டாம். இந்திய லைசன்ஸ் ஆறு மாதம்தான் செல்லும், பிறகு எழுத்துத் தேர்வும் ஓட்டும் தேர்வும் புதிதாக எழுத வேண்டும்.

அக்கம்பக்கத்தில் ஒட்டிக்கொள்வதற்கும் மொழிதான். எங்கள் பகுதியில் கேர்வோகே என்று ஒரு வழக்கம் உண்டு, உங்கள் முறை வந்த வாரம் கதவில் ஒரு சின்னப் பலகை தொங்கும், அந்த வாரம் படிக்கட்டையும் வாசலையும் நீங்கள் கூட்டித் துடைக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டவர்களை யாரும் திட்டமாட்டார்கள், பேசவும்மாட்டார்கள். நான் துடைத்துக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டுப் பாட்டி வந்து, மூலையில் எப்படித் துடைக்க வேண்டும் என்று காட்டினார், திக்கித் திணறி நான் சொன்ன பதிலுக்குச் சிரித்தார், மறுவாரம் அவர் தோட்டத்து ஆப்பிள் ஒரு பை நிறைய வாசலில் இருந்தது.

ரொம்ப வெறுமையாக இருந்தால் வடக்கே ஹாம் நகரத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். அங்கே ஈழத்து மக்கள் எழுப்பிய காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது, 2002இல் கும்பாபிஷேகம் நடந்தது. கோடையின் தொடக்கத்தில் தேர் ஓடும். முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் இன்று பல ஊர்களில் கிடைப்பதும் அவர்கள் வைத்த கடைகளால்தான்.

பெட்டி கட்டும்போது பிறப்பு, கல்யாணச் சான்றிதழ்களின் அசலைக் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் வேண்டாம். அரிசி மூட்டை தேவையில்லை. பிரஷர் குக்கரும், அதற்கு இரண்டு கேஸ்கட்டும் ஒரு சேஃப்டி வால்வும் கட்டாயம் எடுத்து வாருங்கள், நம்மூர் அளவில் இங்கே கிடைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை.