ஹாரி பாட்டர் முதல் படத்தின் இசை: கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2001-இல் வந்த முதல் ஹாரி பாட்டர் படத்தின் இசை தெரியுமா என்று கேட்டால், பலரும் உடனே ஒரு மெட்டை முனகிக் காட்டுவார்கள். அது இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸ் எழுதிய ‘ஹெட்விக் தீம்’. அதோடு எல்லாம் தெரிந்ததாக முடித்துக்கொள்வதுதான் முதல் தவறு. அந்தப் படத்தில் துடைப்பத்தில் பறந்தபடி ஆடும் குவிட்டிச் ஆட்டத்துக்கு ஒரு முழக்கம், மாயப் பள்ளிக்கு ஒரு கம்பீரமான பண், ஹாரி தன் பெற்றோரை நினைக்கும் இடத்துக்கு ஒரு ஏக்கமான மெட்டு என்று தனித்தனியாக இருக்கின்றன. என்னைக் கேட்டால், அந்த ஏக்க மெட்டுதான் இருப்பதிலேயே உயர்ந்தது.

ஹெட்விக் என்பது ஹாரியின் ஆந்தையின் பெயர்தானே, அப்படியானால் இது ஆந்தைக்கான இசை என்று நினைப்பதும் சரியில்லை. படத்தில் மாயம் தலைகாட்டும் பல இடங்களில் இது ஒலிக்கிறது. முதல் காட்சியில் பள்ளியின் தலைமையாசிரியர் டம்பிள்டோர் தெருவிளக்குகளை அணைக்கும்போதும் இதுதான்.

ஆரம்பத்தில் மணிமணியாகக் கேட்கும் அந்த ஒலியை பியானோ என்றும் சைலோஃபோன் என்றும் சொல்கிறார்கள். இரண்டும் இல்லை, அது செலஸ்டா. பார்க்கச் சின்ன பியானோ மாதிரி இருக்கும். கட்டையை அழுத்தினால் உள்ளே சுத்தியல் தட்டுவது தந்தியை அல்ல, எஃகுத் தகடுகளை. 1886-இல் பாரீஸில் முஸ்டெல் என்பவர் உருவாக்கியது. 1892-இல் சைக்கோவ்ஸ்கி தன் ‘நட்கிராக்கர்’ பாலேயில் ஒரு தேவதையின் நடனத்துக்கு அதைப் பயன்படுத்தினார். மாயக்கதை என்றால் செலஸ்டா என்ற பழக்கம் மேற்கில் ஊறிப்போனதற்கு அந்த நடனம் ஒரு பெரிய காரணம். வில்லியம்ஸ் அதைத் தெரிந்தேதான் கையில் எடுத்திருப்பார்.

அடுத்தது நம்மவர்களுக்கே உரிய தவறு: ‘இது என்ன ராகம்?’ தொடக்கத்தைக் கேட்டால் கர்நாடக இசையின் கீரவாணி ராகம் என்று தோன்றும். ஆதார சுரத்தை ஷட்ஜமாக வைத்துக்கொண்டு கூடவே பாடிப் பாருங்கள். ப ஸ க ரி ஸ ப ம ரி வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. அடுத்த அடியில் ஸ க ரி என்று சதுஸ்ருதி ரிஷபத்தைத் தொட்டுவிட்டு, காகலி நிஷாதத்துக்கு இறங்கி, அங்கிருந்து கீரவாணியில் இல்லாத சுத்த ரிஷபத்துக்குத் தாவுகிறது. கீரவாணி அங்கேயே உடைந்துவிடுகிறது. மூன்றாவது அடி இன்னும் குறும்பு. கைசிகி நிஷாதம், சதுஸ்ருதி தைவதம், சுத்த தைவதம் என்று அரை அரை சுரமாக இறங்கி, திடீரென்று அந்தர காந்தாரத்தில் போய் விழுகிறது. எந்த ராகத்திலும் இதை அடைக்க முடியாது. அடைக்க முடியாத அந்த அந்நிய சுரங்கள்தான் மாயம் என்ற உணர்வைத் தருகின்றன. ராகத்தின் பெயரைத் தேடுவதை விட்டு, எந்த இடத்தில் மெட்டு வழுக்குகிறது என்று கவனித்தால் நிறையக் கிடைக்கும். அப்புறம், தாளத்தையும் நான்கு நான்காக எண்ணாதீர்கள், மூன்று மூன்றாக எண்ணுங்கள்.

ஆல்பத்தைக் கேட்பவர்கள் பாடல் வரிசையைக் கதையின் வரிசை என்று எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டாவதாக வரும் நீளமான துண்டு உண்மையில் படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது வருவது. ‘ஹெட்விக் தீம்’ முழு வடிவமோ ஆல்பத்தின் கடைசியில் இருக்கிறது.

எட்டுப் படங்களுக்கும் வில்லியம்ஸ்தான் இசை என்று நினைப்பதும் சகஜம். அவர் செய்தது முதல் மூன்று. அதில் இரண்டாவதுக்கு நேரம் போதாமல், அவருடைய இசையைப் படத்துக்குப் பொருத்தி நடத்தியவர் வில்லியம் ராஸ். நான்காவது பாட்ரிக் டாய்ல், ஐந்தும் ஆறும் நிக்கோலஸ் ஹூப்பர், கடைசி இரண்டும் அலெக்சாண்டர் டெஸ்ப்லா. ஹெட்விக் மெட்டு மட்டும் எல்லாப் படங்களிலும் தலைகாட்டியதால் வந்த குழப்பம் இது. முதல் படத்துக்கு ஆஸ்கர் கிடைத்ததாகவும் சிலர் எழுதுகிறார்கள். பரிந்துரைதான் கிடைத்தது, அந்த ஆண்டு விருதை வாங்கியவர் ஹோவர்ட் ஷோர்.

குழந்தைகள் படம்தானே, எளிய இசையாக இருக்கும் என்று ஃபோன் ஸ்பீக்கரில் கேட்பது இன்னொரு தவறு. மூன்று தலை நாய் ஃபிளஃபி வரும் பகுதியில் மேலே ஹார்ப் என்ற தந்தி வாத்தியம், அடியில் நாயின் குறட்டை மாதிரி கான்ட்ராபஸூன் என்ற ஆழ்ந்த குரல் கொண்ட ஊது வாத்தியம். அந்த அடிக்குரல் சின்ன ஸ்பீக்கரில் ஏறவே ஏறாது, நாயின் குறட்டை காணாமல் போய்விடும். சாதாரண ஹெட்ஃபோனே போதும்.

பிள்ளைகளுக்கு வாத்தியங்களை அறிமுகப்படுத்த நினைப்பவர்கள் முழு ஆல்பத்தையும் ஒரே மூச்சில் போட்டு அவர்களை நெளிய வைக்க வேண்டாம். இதற்காகவே வில்லியம்ஸ் அதே மெட்டுகளைக் கொண்டு சிறுவர்களுக்கான ஒரு தொகுப்பு எழுதியிருக்கிறார். ஒரு துண்டில் ஹார்ன்கள் மட்டும், வில்லன் வோல்டமோர்ட் பகுதியில் பஸூன்கள், பறக்கும் துடைப்பத்துக்குக் குழல் வாத்தியங்கள், குவிட்டிச்சுக்குப் பித்தளை வாத்தியங்கள் என்று பிரித்து வைத்திருக்கிறார். முழு ஆர்க்கெஸ்ட்ராவும் கடைசித் துண்டில் ஒன்றுசேரும். ஒரு நாளைக்கு ஒரு துண்டு போட்டாலே போதும். நடுவில் நிறுத்தி, இப்போது என்ன வாத்தியம் என்று கேட்டுப் பரீட்சை மட்டும் வைத்துவிடாதீர்கள்.