இடம் மாறிய வீரரையும் பயிற்சியாளரையும் எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2017 முதல் 2025 வரை அமெரிக்கப் பல்கலைக்கழக ஃபுட்பாலின் (நம் கால்பந்து அல்ல, பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடுவது) உச்ச விருதான ஹெய்ஸ்மனை வென்ற ஒன்பது பேரில் ஏழு பேர், முதலில் சேர்ந்த பல்கலைக்கழகத்தை விட்டு வேறொன்றுக்கு மாறிய பிறகே அதை வென்றார்கள். பேக்கர் மேஃபீல்டு டெக்சஸ் டெக்கிலிருந்தும் கைலர் மர்ரி டெக்சஸ் ஏ அண்ட் எம்மிலிருந்தும் ஓக்லஹோமாவுக்கு வந்தவர்கள். ஜோ பரோ ஒஹையோ ஸ்டேட்டில் வாய்ப்புக்காகக் காத்திருந்து அலுத்து எல்.எஸ்.யு. என்னும் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். கேலப் வில்லியம்ஸ், ஜேடன் டேனியல்ஸ், டிராவிஸ் ஹன்டர், ஃபெர்னாண்டோ மென்டோசா ஆகியோரும் இடம் மாறியவர்களே. இந்த வரிசையைப் பார்ப்பவருக்கு, இடத்தை மாற்றினால் போதும், திறமை தானே வெளிவந்துவிடும் என்று தோன்றுவது இயல்பு. பெருந்தொகைக்கு அழைத்து வரப்பட்ட பயிற்சியாளர்கள் ஒப்பந்தக் காலத்தில் பாதியைக்கூடக் கடக்காமல் நீக்கப்படுவதைப் பார்ப்பவருக்கோ இதற்கு நேர்மாறான எண்ணம் வரும். இரண்டுமே அவசர முடிவுகள். ஒரு வீரரின் எண்களும் ஒரு பயிற்சியாளரின் வெற்றிக் கணக்கும் அவருக்கு மட்டும் சொந்தமானவை அல்ல. அவற்றில் கணிசமான பங்கு பழைய இடத்தில் அவரைச் சுற்றி இருந்தவர்களுடையது என்பதை மறப்பதிலிருந்தே பெரும்பாலான தவறான கணிப்புகள் பிறக்கின்றன.

ஹெய்ஸ்மன் வரிசையை மட்டும் வைத்து முடிவுக்கு வருவதில் உள்ள கோளாறு எளிதாகப் புரியக்கூடியது. டிரான்ஸ்பர் போர்ட்டல் என்னும் பதிவு முறையில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் பெயர் கொடுக்கிறார்கள். அவர்களில் பலர் முன்பு இருந்ததைவிடச் சிறிய பல்கலைக்கழகத்துக்கே போகிறார்கள். சிலருக்கு உதவித்தொகையுடன் எந்த இடமும் கிடைப்பதில்லை. நம் நினைவில் நிற்பவர்கள் வென்றவர்கள் மட்டுமே. போதாக்குறைக்கு அவர்களும் பெரும்பாலும் குவார்ட்டர்பேக்குகள், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்கள். புதிய அணியில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கும் லைன்பேக்கர் என்ற தடுப்பாட்டக்காரரைப் பற்றி எந்தத் தொலைக்காட்சியும் பேசுவதில்லை.

வேறு வேறு காலத்து இடமாற்றங்களை ஒரே தட்டில் வைத்து நிறுப்பது அடுத்த தவறு. போர்ட்டல் தொடங்கியது 2018 அக்டோபரில். அதற்கு முன்பும், அதன் பிறகு 2021 வரையிலும், பட்டப்படிப்பை முடிக்காமல் இடம் மாறும் வீரர் பொதுவாக ஓராண்டு ஆட முடியாமல் வெளியே இருக்க வேண்டும் என்பதே விதி. 2021இல் முதல் இடமாற்றத்துக்கு அந்தத் தடை நீங்கியது. 2024இல், படிப்பில் தேறியிருந்தால் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம் என்றாயிற்று. 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் கொண்டு பணம் ஈட்ட முடிந்தது. 2025 ஜூலையிலிருந்து பல்கலைக்கழகங்களே ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டாலர் என்ற வரம்புக்குள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் பகிர்ந்து கொடுக்கலாம். மேஃபீல்டு 2014ஆம் ஆண்டு முழுவதும், மர்ரி 2016ஆம் ஆண்டு முழுவதும் ஓக்லஹோமாவில் ஆடாமல் பயிற்சி மட்டுமே எடுத்தார்கள். அன்று தண்டனையாகப் பேசப்பட்ட அந்த ஓராண்டு, புதிய ஆட்டமுறையை மனத்தில் ஏற்றிக்கொள்ளக் கிடைத்த அவகாசமும்தான் என்று நான் கருதுகிறேன். இன்று ஜனவரியில் வந்து செப்டம்பரில் களமிறங்குபவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. எனவே மேஃபீல்டைக் காட்டி இன்றைய வீரரிடம் அதே வேகத்தை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

முதல் பருவத்தை வைத்தே தீர்ப்பு எழுதும் பழக்கத்துக்கு ஜோ பரோவைவிடச் சிறந்த பாடம் கிடைக்காது. அவர் 2018 மே மாதத்தில், வசந்தகாலப் பயிற்சிகள் முடிந்த பிறகு எல்.எஸ்.யு.வில் சேர்ந்தார். அந்தப் பருவத்தில் அவர் எறிந்தது 2,894 யார்டுகள், 16 டச் டவுன்கள் (பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் சேர்த்துப் புள்ளிகள் பெறுவது). குறி தவறாமல் சேர்ந்த பந்துகள் நூற்றுக்கு 58ஐ எட்டவில்லை. பழுதில்லாத, ஆனால் யாரும் திரும்பிப் பார்க்காத கணக்கு. மறு ஆண்டு அதே மனிதர் 5,671 யார்டுகளும் 60 டச் டவுன்களும் எறிந்தார். நூற்றுக்கு 76 பந்துகள் போய்ச் சேர்ந்தன. அணி 15 ஆட்டங்களையும் வென்று தேசியப் பட்டம் பெற்றது. இடையில் நடந்தவை எவை என்று பார்க்க வேண்டும். நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியிலிருந்து ஜோ பிரேடி என்ற இளம் பயிற்சியாளர் பந்தெறி ஆட்டத்தை வடிவமைக்க வந்தார். ஜமார் சேஸ், ஜஸ்டின் ஜெஃபர்சன் என்ற, எறிந்த பந்தைப் பிடிக்கும் இரண்டு ரிசீவர்கள் முதிர்ந்தார்கள். அந்த ஆண்டு நாட்டின் சிறந்த முன்வரிசைக்கான ஜோ மூர் விருதைப் பெற்ற ஆஃபென்சிவ் லைன் அவருக்குப் பந்தை எறிய நேரம் வாங்கிக் கொடுத்தது. ஒரு முழு ஆண்டின் பழக்கமும் சேர்ந்தது. பரோவும் பிரேடியும் போன பிறகு, 2020இல், அதே தலைமைப் பயிற்சியாளர் எட் ஓர்ஜரானின் அணி 5-5 என்று முடித்தது. அதாவது ஐந்து வெற்றி, ஐந்து தோல்வி. ஜேடன் டேனியல்ஸும் எல்.எஸ்.யு.வின் முதல் ஆண்டில் 17 டச் டவுன்களே எறிந்தார். இரண்டாம் ஆண்டில்தான் அது 40 ஆயிற்று.

பயிற்சியாளர்களுக்கும் இது பொருந்தும். நிக் சேபன் அலபாமாவுக்கு வந்த 2007இல் அணி 7-6 என்று முடித்தது. சொந்த மைதானத்தில் லூசியானா மன்ரோவிடம் 21-14 என்று தோற்றது. அதன் பிறகு அவர் அங்கே ஆறு தேசியப் பட்டங்கள் வென்றார். முதலாண்டுப் பளபளப்பும் அதே அளவு ஏமாற்றும். 4-8 என்றிருந்த யு.எஸ்.சி. என்னும் சதர்ன் கலிபோர்னியா பல்கலைக்கழக அணியை லிங்கன் ரைலி 2022இல் 11-3 என்று உயர்த்தினார். அடுத்த இரண்டு பருவங்கள் 8-5, 7-6 என்று இறங்கின.

இடம் மாறுபவரை மட்டும் பார்த்துவிட்டு, அவருக்காக அங்கே காத்திருப்பவர் யார் என்று பாராமல் விடுவது இன்னொரு தவறு. எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் இதுதான். மைக்கேல் பெனிக்ஸ் இண்டியானாவில் ஆடிய நான்கு பருவங்களும் காயத்தில் முடிந்தன. அவரை வாஷிங்டன் பல்கலைக்கழகம் எடுத்தபோது அது சூதாட்டம் போலத் தெரிந்தது. ஆனால் அங்கே புதிதாகத் தலைமைப் பொறுப்பேற்றிருந்த கேலன் டிபோர், 2019இல் இண்டியானாவில் தாக்குதல் ஆட்டத்தை நடத்தியவர். பெனிக்ஸின் கை எப்படிப்பட்டது என்று அறிந்தவர். 2023இல் பெனிக்ஸ் 4,903 யார்டுகள் எறிந்து நாட்டில் முதலிடம் பெற்றார். அணி தேசிய இறுதி ஆட்டம் வரை சென்று மிச்சிகனிடம் தோற்றது. ஆபர்னில் மூன்றாண்டுகள் ஏற்ற இறக்கமாக ஆடிய போ நிக்ஸ் 2022இல் ஆரிகனுக்குப் போனபோது, அங்கே தாக்குதல் ஆட்டத்தைப் பொறுப்பேற்றிருந்தவர் கென்னி டில்லிங்ஹம். நிக்ஸின் முதலாண்டில் ஆபர்னில் அதே பொறுப்பில் இருந்தவர். வேண்டர்பில்ட்டில் டியேகோ பவியாவின் கதையும் இதே வகை. நியூ மெக்சிகோ ஸ்டேட்டில் அவருக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஜெரி கில்லும், ஆட்டத்தை வகுத்த டிம் பெக்கும் அவருக்கு முன்பே அங்கே சேர்ந்திருந்தார்கள். 2024 அக்டோபரில் அந்த அணி முதலிடத்திலிருந்த அலபாமாவை 40-35 என்று வீழ்த்தியதை அதிசயம் என்றார்கள். ஆட்டமுறையை மனப்பாடமாக அறிந்த குவார்ட்டர்பேக்கும், அவரை அறிந்த பயிற்சியாளர்களும் சேர்ந்து வந்திருந்தார்கள் என்பதைக் கவனித்திருந்தால் வியப்பு சற்றுக் குறைந்திருக்கும்.

சிறிய தளத்தில் பெற்ற வெற்றி பெரிய தளத்தில் செல்லாது என்று ஒரே அடியாக ஒதுக்குவதும், செல்லும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புவதும் ஒரே தவறின் இரு முகங்கள். கர்ட் சிக்னெட்டியும் டீயன் சாண்டர்ஸும் இதை நன்றாக விளக்குகிறார்கள். சாண்டர்ஸ் சிறிய தளத்திலுள்ள ஜாக்சன் ஸ்டேட்டில் 27-6 என்ற கணக்குடன் 2023இல் கொலராடோவுக்கு வந்தார்; தம்முடன் குவார்ட்டர்பேக்கான மகன் ஷெடோரையும் டிராவிஸ் ஹன்டரையும் அழைத்து வந்தார்; பழைய வீரர்களில் மிகப் பெரும்பாலானோர் வெளியேறினார்கள். முதல் ஆட்டத்திலேயே, முந்தைய பருவத்தின் இறுதி ஆட்டம் வரை சென்ற டி.சி.யு. என்னும் டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்தை 45-42 என்று வென்றபோது நாடே அவரைப் பற்றிப் பேசியது. மூன்று வெற்றிகளுக்குப் பிறகு எஞ்சிய ஒன்பது ஆட்டங்களில் ஒன்றுதான் கிடைத்தது. ஸ்டான்ஃபோர்டுக்கு எதிராக இடைவேளையில் 29-0 என்று முன்னிலையில் இருந்துவிட்டு, கூடுதல் நேரத்தில் 46-43 என்று தோற்ற இரவு அந்தப் பருவத்தின் முகவரி. எறியும் கையும் ஓடும் காலும் முதல் தரமாக இருக்க, அவற்றைக் காக்க வேண்டிய முன்வரிசை ஐந்து பேர் அந்தத் தரத்தில் இல்லை. ஷெடோர் அந்தப் பருவத்தில் ஐம்பது முறைக்கு மேல் பந்தோடு வீழ்த்தப்பட்டார். 2024இல் 9-4 என்று நிமிர்ந்த அணி, இருவரும் தொழில்முறை ஆட்டத்துக்குப் போன பிறகு 2025இல் 3-9 என்று விழுந்தது.

சிக்னெட்டி 2024இல் ஜேம்ஸ் மேடிசன் என்ற சிறிய தளப் பல்கலைக்கழகத்திலிருந்து இண்டியானாவுக்கு வந்தபோது, அது முந்தைய ஆண்டு 3-9 என்று முடித்த, வரலாற்றில் தோல்விகளைக் குவித்த அணி. அவர் தம்முடன் கொண்டு வந்தது ஒன்றிரண்டு நட்சத்திரங்களை அல்ல. தாக்குதலையும் தடுப்பையும் நடத்திய துணைப் பயிற்சியாளர்கள் வந்தார்கள்; தடுப்பாட்டத்தின் மையத்தில் நிற்கும் ஏடன் ஃபிஷர், விளிம்பிலிருந்து பாயும் மிக்கேல் கமாரா உட்பட பத்துக்கும் மேற்பட்ட பழைய வீரர்களும் உடன் வந்தார்கள். முதல் ஆண்டு 11-2. மறு ஆண்டு கலிபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மென்டோசாவுடன் 16-0, தேசியப் பட்டம். ஒருவர் ஆட்களை அழைத்து வந்தார், இன்னொருவர் ஓர் அணியின் முதுகெலும்பையே அழைத்து வந்தார். எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கையைவிட, எந்த இடங்களுக்கு வந்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

ஆட்டமுறைக்கும் இருக்கும் வீரர்களுக்கும் உள்ள பொருத்தத்தைப் பாராமல், முந்தைய வெற்றிகளைக் கொண்டு பயிற்சியாளரைத் தேர்ந்தெடுப்பது பல்கலைக்கழகங்களே செய்யும் தவறு. வெஸ்ட் வர்ஜீனியாவில் ஓடும் குவார்ட்டர்பேக்கை மையமாக வைத்துச் சாதித்த ரிச் ராட்ரிகஸை 2008இல் மிச்சிகன் அழைத்தது. அங்கே இருந்தவர்களோ நின்று எறியும் பழைய முறைக்காகச் சேர்க்கப்பட்டவர்கள். குவார்ட்டர்பேக் ரையன் மாலட் ஆர்கன்சாவுக்குப் போய்விட்டார். முதலாண்டு 3-9, மூன்றாண்டுகளில் 15-22, வேலை போயிற்று.

ஸ்காட் ஃப்ராஸ்ட் விஷயம் இன்னும் சிக்கலானது. 2017இல் சென்ட்ரல் ஃபுளோரிடாவை 13-0 என்று முடித்துவிட்டு, தாம் ஆடிப் பட்டம் வென்ற நெப்ராஸ்காவுக்கே பயிற்சியாளராகத் திரும்பினார். 16-31 என்ற கணக்கில், 2022 செப்டம்பரில் ஜார்ஜியா சதர்னிடம் 45-42 என்று தோற்ற மறுநாள் நீக்கப்பட்டார். ஒரே டச் டவுன் வித்தியாசத்துக்குள் முடிந்த ஆட்டங்களில் அவர் கணக்கு 5-22. 2021இல் 3-9 என்று முடித்த அணி, அந்தப் பருவம் முழுவதிலும் விட்டுக்கொடுத்த புள்ளிகளைவிட எடுத்த புள்ளிகளே அதிகம். ஓராண்டு இப்படி நடந்தால் கெட்ட நேரம் என்று விடலாம். நான்கரை ஆண்டுகள் தொடர்ந்தால், பந்தை உதைக்கும் கட்டங்களிலும் கடைசி நிமிடத் தீர்மானங்களிலும் ஏதோ சரியில்லை என்றே கொள்ள வேண்டும். ஆனால் 13-0ஐ முழுத் திறமையாகவும் 16-31ஐ முழுத் திறமையின்மையாகவும் படிப்பது இரண்டு முறையும் தவறு.

ஒப்பந்தத் தொகையை எதிர்பார்ப்பின் அளவுகோலாக்குவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டெக்சஸ் ஏ அண்ட் எம், 51-26 என்ற கணக்கு வைத்திருந்த கெவின் சம்லினை நீக்கிவிட்டு, பத்தாண்டுகளுக்கு 7.5 கோடி டாலர் என்று ஜிம்போ ஃபிஷரை எடுத்தது. அவர் 45-25 என்ற கணக்குடன், 7.5 கோடிக்கும் மேற்பட்ட இழப்பீட்டுடன் 2023 நவம்பரில் வெளியேறினார். பிரையன் கெல்லி எல்.எஸ்.யு.வில் 34-14 என்று வென்றும் 2025 அக்டோபரில் நீக்கப்பட்டார். அவருக்கு முன் அங்கிருந்த சேபன், லெஸ் மைல்ஸ், ஓர்ஜரான் மூவரும் பட்டம் வென்றவர்கள் என்பதால் அந்தக் கணக்கு போதவில்லை. வேறு பல இடங்களில் அதற்குச் சிலை வைத்திருப்பார்கள்.

கடைசியாக, போனவரையே பார்த்துக்கொண்டு, அவர் விட்டுப்போன இடத்தில் அடுத்து வந்தவரை அதே அளவுகோலால் அளப்பது. டிபோர் வாஷிங்டனில் 25-3 என்ற கணக்கு வைத்து, 2024 ஜனவரியில் இறுதி ஆட்டம் முடிந்த சில நாட்களில் அலபாமாவுக்குப் போனார். பயிற்சியாளர் விலகினால் வீரர்கள் போர்ட்டலில் நுழையத் தனி அவகாசம் திறக்கும். சிலர் அவ்வழியே போனார்கள். பெனிக்ஸ், ரோம் ஒடுன்சே உட்படப் பத்துப் பேர் அந்த ஏப்ரலில் தொழில்முறை அணிகளால் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். மிஞ்சியதை எடுத்துக்கொண்டு ஜெட் ஃபிஷ் 6-7 என்று முடித்தார். 14-1இலிருந்து 6-7 என்ற வீழ்ச்சி பார்வைக்கு அவருடையது போலத் தெரிந்தாலும், அவர் கைக்கு வந்தது பெயரளவில் மட்டுமே பழைய அணி. 2025இல் அவர் அதை 9-4 என்று கொண்டுவந்தார். முந்தைய 6-7ஓ அவர் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கிறது.