ஈயத்தைப் பிடிக்கும் கல் குரோமியத்தை விட்டுவிடும்

தண்ணீரிலிருந்து ஈயம் போன்ற உலோகங்களை நீக்கப் பயன்படும் ஜியோலைட் என்ற கனிமத்தைப் பஞ்சு மாதிரி உறிஞ்சும் கல் என்று நினைப்பதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. அது செய்வது பண்டமாற்று. சிலிக்காவும் அலுமினாவும் சேர்ந்த அதன் கூட்டுக்கு எதிர்மின்னூட்டம் உண்டு. அதைச் சமன்செய்ய நுண்துளைகளில் சோடியம், கால்சியம் அயனிகள் உட்கார்ந்திருக்கும். ஈயம் வந்தால் சோடியம் எழுந்து இடம் கொடுக்கும். இங்கிலாந்தின் செல்லாஃபீல்டு அணு வளாகத்தில் 1985 முதல் கதிரியக்கச் சீசியத்தையும் ஸ்ட்ரான்சியத்தையும் பிரிப்பது க்ளினோப்டிலோலைட் என்ற இயற்கை ஜியோலைட்தான். ஆனால் எல்லா உலோகத்துக்கும் அதனிடம் ஒரே மரியாதை கிடையாது. ஈயத்தை விரும்பிப் பிடிக்கும். நிக்கலை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது.

குரோமியம் கதையே வேறு. ராணிப்பேட்டையில் குரோமேட் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்தது தெரிந்ததே. அந்தக் கழிவில் உள்ள ஹெக்ஸாவேலன்ட் (ஆறு இணைதிறன் கொண்ட) குரோமியம் தண்ணீரில் எதிர்மின்னூட்டத்தோடு திரிகிறது. கல்லும் எதிர், அதுவும் எதிர். எத்தனை மூட்டை கொட்டினாலும் ஒட்டாது. முதலில் அன்னபேதி (இரும்பு சல்பேட்) போன்ற ஒன்றைச் சேர்த்து அதை ட்ரைவேலன்ட் (மூன்று இணைதிறன் கொண்ட) குரோமியமாக மாற்ற வேண்டும். பிறகு சுண்ணாம்பு போட்டாலே பெரும்பகுதி வண்டலாக இறங்கிவிடும், ஜியோலைட்டே தேவைப்படாமல் போகலாம். வங்காளத்து நிலத்தடி நீரில் உள்ள ஆர்செனிக்கும் ஜியோலைட்டில் சரியாக ஒட்டாது. அதற்கு இரும்பு ஆக்சைடு நிறைந்த லேட்டரைட், அதாவது நம் செம்புரைக்கல், மேல்.

என்னைக் கேட்டால், அதிகம் பேர் கோட்டைவிடுவது தண்ணீரின் கடினத்தன்மையில், அதாவது அதில் கரைந்த கால்சியம், மெக்னீசியத்தின் அளவில். ஆய்வகத்தில் காய்ச்சி வடித்த நீரில் ஈயத்தைக் கலந்து, '99 சதவீதம் போய்விட்டது' என்று எழுதிவிடுகிறார்கள். போர்வெல் தண்ணீரை எடுத்துக் கணக்குப் போடுங்கள். கடினத்தன்மை லிட்டருக்கு 500 மில்லிகிராம்; ஈயம் 0.1 மில்லிகிராம், அதாவது இந்தியக் குடிநீர்த் தர வரம்பான 0.01-ஐப் போலப் பத்து மடங்கு. ஒரு ஈய அயனிக்கு எதிரே சுமார் 10,000 கால்சியம், மெக்னீசியம் அயனிகள் வரிசையில் நிற்கின்றன. ஈயத்தின் மேல் கல்லுக்கு எவ்வளவு பிரியம் இருந்தாலும் இந்தக் கூட்டத்தில் இடம் சீக்கிரம் நிரம்பும். அதனால் சோதனையை உங்கள் கிணற்றுத் தண்ணீரிலேயே செய்யுங்கள்.

பிஎச் அளவையும் கூடவே குறித்துவையுங்கள். தண்ணீர் அமிலமாக இருந்தால் ஹைட்ரஜன் அயனிகளே இடத்தைப் பிடித்துக்கொள்ளும். காரமாக இருந்தால் உலோகம் தானாக வண்டலாகி இறங்கும், பெயர் மட்டும் கல்லுக்குப் போகும். கல் போடாத ஒரு ஜாடியையும் பக்கத்தில் வைத்தால் இந்த ஏமாற்று உடனே தெரிந்துவிடும்.

இதே போல அயனி மாற்றும் களிமண்ணான பென்டோனைட்டைத் தூளாக வாங்கி வடிகட்டிக் குழாயில் அடைப்பவர்களும் உண்டு. ஒரு கண்ணாடி டம்ளரில் அரைக் கரண்டி போட்டுப் பாருங்கள்: சோடியம் பென்டோனைட் என்றால் உப்பிக் கூழாகும், கலக்கினால் மறுநாளும் தெளியாது. குழாயில் அது அடைப்பாகத்தான் நிற்கும். களிமண்ணைத் தொட்டியில் கலக்கி, படிகாரத்தால் தெளிய வைப்பதே சரி. குழாய்க்குச் சலித்துக் கழுவிய ஜியோலைட் குருணை போதும்.

நிரம்பிய கல்லை உப்புக் கரைசலில் கழுவி மறுபடி பயன்படுத்தலாம். ஆனால் கல்லிலிருந்து இறங்கிய ஈயம் முழுவதும் இப்போது அந்த உப்புத் தண்ணீரில், முன்பைவிட அடர்த்தியாக இருக்கிறது. அதை வாழைக்குப் பாய்ச்சுவதும், பழைய கல்லைத் தோட்டத்து மண்ணில் கொட்டுவதும் விஷத்தைக் கிணற்றிலிருந்து கொல்லைக்கு மாற்றும் வேலை. இரண்டையும் அபாயகரக் கழிவாகத்தான் ஒப்படைக்க வேண்டும்.

கல் எப்போது நிரம்பியது என்பதை டிடிஎஸ் மீட்டரால், அதாவது கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் கருவியால், பார்ப்பது வீண். 600 காட்டும் தண்ணீரில் 0.1 மில்லிகிராம் ஈயம் அந்த எண்ணை அசைக்காது. தவிர, ஓர் அயனியை வாங்கி இன்னொன்றைக் கொடுப்பதால் முன்னும் பின்னும் மீட்டர் ஏறக்குறைய ஒன்றையே காட்டும். வெளிவரும் தண்ணீரை பாட்டிலில் பிடித்து, உலோகத்தைத் தனியாக அளக்கும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். முதல் வாரத்தில் ஒரு முறை மட்டும் அனுப்பிவிட்டு நிறுத்திவிடாதீர்கள்.