பிள்ளைக்குத் தனி சீட் விழுந்தால்

களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரத்தில் விமானம் ஏறும் நம்ம ஊர்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். வெப் செக்-இன்னில் எனக்கு 14சி, ஆறு வயது மகளுக்கு 27ஈ. சேர்ந்து உட்காரக் காசு கேட்டது, கட்டவில்லை. 12 வயது வரையுள்ள பிள்ளைக்கு, ஒரே பிஎன்ஆரில் (டிக்கெட் பதிவு எண்ணில்) வரும் பெற்றோர் ஒருவருடனாவது சீட் தர வேண்டும் என்று 2024 ஏப்ரலில் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ விமான நிறுவனங்களுக்குச் சொல்லியிருக்கிறது. இரண்டு போர்டிங் பாஸையும், வயதுக்கு மகளின் ஆதாரையும் பெட்டி போடும் கவுண்டரிலேயே நீட்டினேன். மாற்றித் தந்தார்கள். கேட் வரை விட்டுவிட்டால் காலி சீட் இருக்காது. பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் கெஞ்ச வேண்டும். அவர் காசு கட்டி வாங்கிய ஜன்னல் சீட்டைக் கேட்பது நியாயமே இல்லை. மலிவாகக் கிடைக்கிறதென்று டிக்கெட்டைத் தனித்தனியாகப் போடாதீர்கள், பிஎன்ஆர் பிரிந்தால் இந்த விதியைக் காட்டிக் கேட்க முடியாது.