கோவையை ஒரு கைடோடு சுற்றிப் பார்க்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

"ஊட்டிக்குப் போற வழியில ஒரு நாள் கோயம்புத்தூர்ல தங்குறோம், அங்க பார்க்க என்ன இருக்கு?" எங்கள் வீட்டுக்கு ஒறம்பரை (உறவினர்கள்) வரும்போதெல்லாம் கேட்கிற கேள்வி இது. மருதமலைக்குப் போய்விட்டு, ஒரு மாலில் மதியத்தைக் கழித்து, சாயங்காலம் மேட்டுப்பாளையம் ரோட்டைப் பிடித்துவிடுவார்கள். இந்த ஊரை அவர்கள் பார்க்கவே இல்லையே என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் மனசு அடித்துக்கொள்ளும். அதனால் சில வருடங்களாக, வருகிறவர்களுக்கு ஒரு நாள் முழுக்க உள்ளூர் கைடு ஒருவரைப் பேசிவிட்டு விடுகிறேன். கூட்டத்தோடு கூட்டமாகப் போகிற பஸ் டூர் இல்லை, அவர்களுக்காக மட்டும், அவர்கள் விருப்பப்படி. நன்றாக அமைந்ததும் உண்டு, சொதப்பியதும் உண்டு, அதில் கற்றதைத்தான் எழுதுகிறேன்.

சொதப்பலை முதலில் சொல்லிவிடுகிறேன். மலேசியாவிலிருந்து சித்தி வந்திருந்தார். ஒரு டிராவல்ஸில் "சிட்டி டூர், கைடோடு, ஒன்பது இடம்" என்றார்கள், சரி என்று பணம் கட்டிவிட்டேன். வந்தவர் டிரைவர். கைடு எங்கே என்று கேட்டால், "நானே காட்டிருவேனுங்க" என்றார். வழியில் ஒரு புடவைக் கடையில் ஒன்றரை மணி நேரம் போனது. பேரூர் கோயில் வாசலில் வண்டி நின்றபோது மணி ஒன்று தாண்டிவிட்டது, நடை சாத்திவிட்டார்கள். அடுத்த நாள் சித்திக்கு விமானம். அந்தக் கோயிலின் சிற்பத் தூண் மண்டபமான கனகசபையைப் பார்க்க வேண்டும் என்று எத்தனையோ வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், சாத்திய கதவைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தார். இன்றைக்கு நினைத்தாலும் வருத்தம்தான்.

ஆகவே முதல் பாடம்: எத்தனை இடம் காட்டுவீர்கள் என்று கைடிடம் கேட்காதீர்கள். ஒரு நாளில் நாலு இடத்துக்கு மேல் போட்டால், வண்டியில் ஏறி இறங்குவதற்கே பொழுது சரியாகிவிடும். என்ன பார்க்கப் போகிறோம் என்பதற்கு ஒரு சரடு வேண்டும், அதை நீங்கள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். கோவைக்கு நான் வழக்கமாகச் சொல்வது இரண்டு சரடு. ஒன்று தண்ணீர், இன்னொன்று பஞ்சு.

தண்ணீர் என்றால் நொய்யல். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, பேரூர் வழியாகக் கோவைக்குள் வந்து, சூலூர், திருப்பூர் என்று கிழக்கே போய்க் காவிரியில் கலக்கிற ஆறு. ஆற்றில் அங்கங்கே அணைக்கட்டு கட்டி வாய்க்கால் வெட்டிக் குளங்களுக்குத் தண்ணீரைத் திருப்பியிருக்கிறார்கள். இந்தக் கதை தெரிந்த கைடு கிடைத்தால் காலையில் சித்திரைச்சாவடி அணைக்கட்டில் ஆரம்பித்து, பேரூர் படித்துறையில் நின்று, சாயங்காலம் உக்கடம் பெரியகுளத்திலோ வாலாங்குளத்திலோ முடிப்பார். ஒரே தண்ணீரை நாள் முழுக்கப் பின்தொடர்ந்து போன மாதிரி இருக்கும். குளக்கரையில் இப்போது நடைபாதை போட்டிருக்கிறார்கள், வயதானவர்களுக்கும் சிரமம் இல்லை.

பஞ்சு என்றால் மில்கள். 1888-இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது, 1930களில் நீலகிரியிலிருந்து பைக்காரா நீர்மின்சாரம் வந்ததும் பீளமேடு, சிங்காநல்லூர் பக்கமெல்லாம் மில்கள் வரிசையாக எழும்பின. அந்தப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு மில் சங்குதான் கடிகாரம். இந்தச் சரடுக்கு, அப்பாவோ தாத்தாவோ மில்லில் ஷிப்ட் பார்த்த குடும்பத்துக் கைடு கிடைத்தால் விடாதீர்கள், ஏனென்றால் முக்கால்வாசி மில்கள் இப்போது வெறும் மதில் சுவர்தான், உள்ளே என்ன நடந்தது என்பதை ஆள்தான் சொல்ல வேண்டும். சின்னியம்பாளையத்துக்கும் கூட்டிப் போகச் சொல்லுங்கள். மில் தொழிலாளிகள் நாலு பேரை 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கில் போட்டார்கள், அவர்களுக்கு அந்த ஊரில் நினைவிடம் இருக்கிறது. அவிநாசி ரோட்டில் தினம் போய் வருகிற நம் ஊர்க்காரர்களிலேயே பல பேருக்கு இது தெரியாது என்பது எனக்குப் பெரிய ஆதங்கம்.

சாப்பாடு, பழைய சினிமா, ஜி.டி. நாயுடுவின் கண்டுபிடிப்புகள் என்று வேறு சரடும் பிடிக்கலாம். எதுவானாலும் ஒன்று போதும்.

அடுத்தது ஆளைப் பிடிப்பது. டிரைவர் வேறு, கைடு வேறு, இதில் குழப்பம் வைத்துக்கொள்ளாதீர்கள். மத்திய, மாநிலச் சுற்றுலாத் துறைகள் பயிற்சி கொடுத்து அட்டை கொடுத்த கைடுகள் இருக்கிறார்கள், அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை. தங்குகிற ஓட்டலில் கேளுங்கள், ஆனால் அவர்கள் சொல்கிற முதல் பெயரோடு நிறுத்திவிடாமல் இன்னும் இரண்டு பேரிடம் போனில் பேசுங்கள். பேசும்போது நான் கவனிப்பது ஒன்றே ஒன்றுதான். அவர் நம்மைக் கேள்வி கேட்கிறாரா? சித்தி அடுத்த வருடம் மறுபடி வந்தபோது நான் பேசிய கைடு, பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை எடுப்பதற்கு முன்னால், "அம்மாவுக்கு முட்டி வலி இருக்குங்களா? செருப்பில்லாம கல்லு மேல எவ்வளவு நேரம் நிப்பாங்க?" என்று கேட்டார். அந்த இடத்திலேயே இவர்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

பேசி முடித்ததும் வாட்ஸ்அப்பில் எழுத்தில் போட்டுவிடுங்கள். நான் அனுப்பியதையே தருகிறேன், உங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளலாம்:

"வணக்கம் சார். வர்றது மூணு பேர், ஒருத்தருக்கு வயசு 68, படி ஏறுவது சிரமம். பேரூர் கனகசபையை நிதானமாகப் பார்க்கணும், அதுதான் முக்கியம். மத்தபடி நொய்யல், குளங்கள், டவுன்ஹால் பக்கத்து வீதிகள். மதியம் சைவச் சாப்பாடு. கடைக்கு எங்கேயும் போக வேண்டாம், வேணும்னா நாங்களே சொல்றோம். உங்க கட்டணம் மொத்தக் குழுவுக்கா, ஆளுக்கா? வண்டி, டிரைவர் பேட்டா, பார்க்கிங், நுழைவுச்சீட்டு இதில் எதெல்லாம் சேரும்? முன்பணம் எவ்வளவு, வர முடியாமப் போனா திரும்பக் கிடைக்குமா?"

கடைக்கு வேண்டாம் என்ற வரியை மறக்காமல் சேருங்கள். கடைக்காரர் கமிஷன் தருவது ஊர் அறிந்த விஷயம், அதில் கைடைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. முன்கூட்டியே சொல்லிவிட்டு, கட்டணத்தில் கறாராகப் பேரம் பேசாமல் இருந்தால் அவரும் நிம்மதியாக வேலை பார்ப்பார். நாள் முழுக்கத் தொண்டை வறளப் பேசுகிறவரிடம் இருநூறு ரூபாய்க்கு மல்லுக்கட்டுவது எனக்குப் பிடிக்காது.

இங்கே வெளியூர்க்காரர்களுக்கு ஒரு சூட்சுமம் சொல்ல வேண்டும். கொங்குத் தமிழில் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்ல மாட்டார்கள். "ஆறு மணிக்கே வந்துருவீங்களா?" என்று கேட்டு, "வந்தர்றனுங்க" என்று பதில் வந்தால் வந்துவிடுவார். "பார்க்கலாமுங்க" என்று வந்தால் வர மாட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "பாத்துக்கலாமுங்க, அதுக்கென்னங்க" என்றால் இன்னும் மோசம், அந்த விஷயத்தை அவர் யோசிக்கவே இல்லை. மரியாதையை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டு ஏமாந்துவிடாமல், நேரத்தையும் இடத்தையும் இன்னொரு தடவை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

வண்டி விஷயம் சுருக்கமாக. மஞ்சள் போர்டு வண்டியாக இருக்கட்டும். சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு காரை வாடகைக்கு ஓட்டினால், விபத்து நடக்கும்போது இன்சூரன்ஸ் தகராறாகிவிடும். ஊருக்குள் சுற்ற 8 மணி நேரம், 80 கிலோமீட்டர் என்று ஒரு பேக்கேஜ் பேசுவார்கள், மேற்கொண்டு ஓடினால் என்ன கணக்கு என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய கடை வீதி, ஒப்பணக்கார வீதிப் பக்கம் கார் ஒரு தொந்தரவு. டவுன்ஹாலில் இறங்கிக்கொண்டு நடப்பதுதான் சரி.

இப்போது அந்த நாள். காலை ஆறரைக்குப் பேரூரில் இருங்கள், வெயில் ஏறுவதற்குள். சித்தியோடு நானும் போயிருந்தேன். கனகசபை திருமலை நாயக்கரின் தம்பி அழகாத்ரி நாயக்கர் காலத்து வேலை, 17-ஆம் நூற்றாண்டு. கைடு உள்ளே நுழைந்ததும் எதுவும் பேசவில்லை. யானையை உரித்துத் தோலைப் போர்த்திக்கொள்கிற சிவன் இருக்கிற தூண் முன்னால் எங்களை நிறுத்திவிட்டு, காலடியில் கிடக்கிற யானைத் தலையை மட்டும் காட்டினார். "அம்மா, இங்கிருந்து மேல பார்த்துட்டே போங்க." சித்தி கண்ணை மெதுவாக மேலே கொண்டு போனார். விரிந்த தோல், விறைத்த கைகள், அதற்குப் பின்னால் கூரை. அப்புறம்தான் அவர் டார்ச்சை விதானத்தில் அடித்துக் கல்லில் செதுக்கிய சங்கிலியைக் காட்டினார். வளையத்துக்குள் வளையம், எல்லாம் கல். சித்தி ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல், "தம்பி, அந்த லைட்டை இன்னொருக்கா அடிங்க" என்றார்.

லிங்கத்தின் மேல் கன்றின் குளம்படி இருப்பதையும், சுந்தரர் கண்ணில் படாமல் இருக்க ஈசனும் அம்மனும் வயலில் இறங்கி நாற்று நட்ட கதையையும் அவர் வெளியே வந்து, ஆற்றைப் பார்த்து உட்கார்ந்த பிறகுதான் சொன்னார். ஆனி மாதம் வந்தால் நாற்று நடும் விழாவையே பார்க்கலாம். கைடிடம் நீங்கள் எதிர்பார்க்க வேண்டியது இந்த நிதானத்தைத்தான். தகவலாகக் கொட்டுகிறார் என்றால் தயங்காமல், "கொஞ்ச நேரம் சும்மா பார்க்கிறோம்" என்று சொல்லுங்கள், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கோயிலுக்குள் போட்டோ எடுக்கலாமா என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

மதியம் கோயில் நடை சாத்தியிருக்கும் நேரத்தை வனக் கல்லூரி வளாகத்தில் இருக்கிற காஸ் அருங்காட்சியகத்துக்கு ஒதுக்குங்கள். 1902-இல் தொடங்கியது, மரங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசையிருப்பவர்களுக்குப் பொக்கிஷம். விடுமுறை நாட்களில் மூடியிருக்கும், கிளம்பும் முன் கேட்டுவிடுங்கள். சாப்பாட்டைக் கைடிடமே விடுங்கள், ஆனால் "நீங்க வீட்டுல என்ன சாப்பிடுவீங்களோ அது" என்று சொல்லுங்கள். அரிசிம்பருப்புச் சாதமும் நெய்யும், கொள்ளு ரசமும் கிடைத்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம். தேங்காய்ப்பால் ஊற்றிய சந்தகை (அரிசிச் சேவை) கிடைத்தால் விடவே விடாதீர்கள். கைடும் டிரைவரும் உங்களோடு உட்கார்ந்து சாப்பிடட்டும், அவர்களைத் தனியாக அனுப்பாதீர்கள். நல்ல கதைகள் இலை போட்ட பிறகுதான் வரும். சித்தியின் அப்பா எந்த மில்லில் வேலை பார்த்தார் என்ற பேச்சே அங்கேதான் எழுந்தது. சாயங்காலப் பயணத்தை அந்த மில் சுவர் வழியாக மாற்றிக்கொண்டோம். தனியாகக் கைடு வைத்துக்கொள்வதே இதற்காகத்தான், பஸ் டூரில் இது நடக்குமா?

பொழுதோட (சாயங்காலம்) ராஜ வீதி, தேர்நிலைத் திடல், கோனியம்மன் கோயில், 1892-இல் கட்டிய டவுன்ஹால் என்று ஒரு நடை. மாசி மாதம் தேர்த் திருவிழா நேரத்தில் வந்தால் நடக்கவே இடம் இருக்காது, ஆனால் ஊரைப் பார்க்க அதைவிட நல்ல நாள் கிடையாது. அப்புறம் ரோட்டுக்கடைக் காளான். முட்டைக்கோஸும் மாவும்தான் அதில் அதிகம், இருந்தாலும் அதைச் சாப்பிடாமல் கோவையைப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது.

கையில் இரண்டாவது நாளும் இருக்கிறதா? கோவையிலேயே சுற்றாமல் ஈரோட்டுக்குப் போங்கள், அங்கே வேறு கைடு பிடியுங்கள். கோவைக் கைடையே இழுத்துக்கொண்டு போகாதீர்கள், ஊர் மாறினால் கதையும் மாறும், ஆளும் மாற வேண்டும். பெரியாரும் அண்ணாவும் வாழ்ந்த வீட்டைப் பார்த்துவிட்டு, பவானிக்குப் போய், ஆறுகள் கூடுகிற கூடுதுறையில் நின்றுவிட்டு, ஜமக்காளம் நெய்கிற வீடு ஒன்றுக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்கள். குழித்தறியில் காலை இறக்கி உட்கார்ந்து நெய்கிறவரைப் பத்து நிமிடம் பார்த்தவர்கள் ஜமக்காளத்துக்கு விலை குறைத்துக் கேட்க மாட்டார்கள். இங்கே மட்டும், நெய்தவரிடமே நேரடியாக வாங்கலாம் என்பதால், கடைக்கு வேண்டாம் என்ற நம் விதியைத் தளர்த்திக்கொள்ளுங்கள். ஜவுளிச் சந்தையையும் பார்க்க ஆசையிருந்தால் அது திங்கள் இரவு தொடங்கி செவ்வாய் வரை நடப்பது. அதனால் திங்கள்கிழமை சாயங்காலமே ஈரோட்டில் ரூம் போட்டுவிட்டு, சந்தையில் தன்னைத் தெரிந்த வியாபாரி யாராவது இருக்கிறார்களா என்று கைடிடம் முன்னாலேயே கேட்டு வைத்துவிடுங்கள்.