பள்ளி டிஸ்ட்ரிக்ட் முடிவெடுக்கும்போது: கலிஃபோர்னியாவில் நம் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி நேரத்தை மாற்றுகிறார்கள், ஒரு வகுப்பை எடுத்துவிடுகிறார்கள், பள்ளியையே மூடப்போகிறார்கள் என்று செய்தி வந்ததும் நம் வாட்ஸ்அப் குழுக்களில் முதலில் எழும் யோசனை, "எல்லாரும் பிரின்சிபலுக்கு மெயில் போடுவோம்" என்பதுதான். மெயில்கள் குவியும். பிரின்சிபல் மரியாதையாகப் பதில் எழுதுவார். முடிவு மட்டும் மாறாது. நம் பெற்றோருக்கு அக்கறையில் குறைவில்லை. மெயில் போன இடமும் போன நேரமும்தான் தவறு.

ஊரில் அரசுப் பள்ளி என்றால் தலைமை ஆசிரியர், வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர், கடைசியில் சென்னையில் துறை என்று ஒரே ஏணி. அதே மனக்கணக்கோடு இங்கே பார்த்தால் எதுவும் புரியாது. இங்கே டிஸ்ட்ரிக்ட் என்பது ஊரில் சொல்லும் மாவட்டம் அல்ல, பள்ளிகளை நடத்தும் தனி அமைப்பு. பெரும்பாலான இடங்களில் சிட்டி கவுன்சிலுக்கு அதன்மேல் அதிகாரம் கிடையாது. அந்தப் பகுதி வாக்காளர்கள் ஐந்து பேரையோ ஏழு பேரையோ போர்டுக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த போர்டு சூப்பரின்டெண்டன்டை ஒப்பந்தம் போட்டு வேலைக்கு எடுக்கிறது. கொள்கையும் பட்ஜெட்டும் போர்டின் கையில், அன்றாட நிர்வாகம் சூப்பரின்டெண்டன்ட் கையில். பிரின்சிபல் தன் பள்ளிக்குள் சிலவற்றை முடிவு செய்யலாம், அவ்வளவுதான்.

முதலில் உங்கள் டிஸ்ட்ரிக்ட் எது என்பதையே சரிபாருங்கள். ஊர்ப் பெயரை வைத்துக் கணக்குப் போடுவது பலர் செய்யும் தவறு. கூபர்டினோ யூனியன் டிஸ்ட்ரிக்ட்டில் சான் ஹோசே, சன்னிவேல், சாரடோகா ஊர்களின் சில பகுதிகளும் வருகின்றன. அது எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். அதன்பின் பிள்ளைகள் போவது ஃப்ரீமாண்ட் யூனியன் ஹைஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டுக்கு. அதற்குத் தனி போர்டு, தனி பட்ஜெட். ஃப்ரீமாண்ட் நகரத்தின் பள்ளிகளை நடத்துவதோ ஃப்ரீமாண்ட் யூனிஃபைட் என்ற வேறொரு டிஸ்ட்ரிக்ட். பெயர் குழப்பத்தில் மெயில் வேறு போர்டுக்குப் போய்ச் சேர வாய்ப்பு நிறைய.

அப்புறம், எல்லாமே டிஸ்ட்ரிக்ட்டின் முடிவு அல்ல. ஹைஸ்கூல் காலை எட்டரைக்கு முன் தொடங்கக்கூடாது, மிடில் ஸ்கூல் எட்டு மணிக்கு முன் தொடங்கக்கூடாது என்பது 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்த மாநிலச் சட்டம். சில கிராமப்புற டிஸ்ட்ரிக்ட்டுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. "ஆபீஸ் போகும் வழியில் ஏழே முக்காலுக்கே விட்டுவிடுவேன், பழைய நேரத்தையே கொண்டுவாருங்கள்" என்று போர்டிடம் கேட்டுப் பயனில்லை. வகுப்பில் எத்தனை பிள்ளைகள், ஆசிரியரின் வேலை நேரம் எவ்வளவு என்பதெல்லாம் பெரும்பாலும் ஆசிரியர் யூனியனோடு பேசி முடித்த ஒப்பந்தத்தில் இருக்கும். அந்த ஒப்பந்தம் டிஸ்ட்ரிக்ட் இணையதளத்திலேயே கிடைக்கும். கோபப்படுவதற்கு முன் அதை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

போர்டின் மௌனத்தைத் தவறாகப் புரிந்துகொள்வது

நம்மவர்கள் மனம் நோகும் இடம் இதுதான். வேலை முடிந்து ஓடிப்போய், பெயர்ச் சீட்டு எழுதிக் கொடுத்து, காத்திருந்து, மைக் முன்னால் நின்று இரண்டு மூன்று நிமிடம் பேசுகிறார்கள். கூட்டம் அதிகம் என்றால் ஒரு நிமிடம்தான். எதிரே டைமர் ஓடுகிறது. பேசி முடித்ததும் தலைவர் "நன்றி" என்று சொல்லி அடுத்தவரை அழைக்கிறார். போர்டில் யாரும் வாயே திறக்கவில்லை. "நம்மை மதிக்கவே இல்லை" என்று வீட்டுக்கு வந்து, அதன்பின் அந்தப் பக்கமே போவதில்லை.

காரணம் அவமரியாதை அல்ல, பிரவுன் ஆக்ட். 1953ல் வந்த இந்தத் திறந்த கூட்டச் சட்டத்தின்படி, அஜெண்டாவில் இல்லாத விஷயத்தை போர்டு விவாதிக்கவோ அதில் முடிவெடுக்கவோ கூடாது. சுருக்கமாக ஒரு விளக்கம் தரலாம், அலுவலர்களிடம் பார்க்கச் சொல்லலாம், அதற்கு மேல் போக முடியாது. ஐந்து பேருக்கும் சேர்த்து மெயில் போட்டால் யாரும் 'ரிப்ளை ஆல்' செய்யாததற்கும் இதுவே காரணம்: பெரும்பான்மை உறுப்பினர்கள் கூட்டத்துக்கு வெளியே தங்களுக்குள் மெயிலில் விவாதித்தால் அது சட்ட மீறல். அதனால் உங்கள் பகுதிக்கான உறுப்பினருக்குத் தனியாக எழுதுங்கள், அல்லது தனியாகச் சந்திக்க நேரம் கேளுங்கள். அஜெண்டாவில் இல்லாத விஷயம் என்றால், "இதை அஜெண்டாவில் சேருங்கள்" என்பதையே கோரிக்கையாக வையுங்கள்.

வழக்கமான கூட்டத்தின் அஜெண்டா 72 மணி நேரத்துக்கு முன்பே வெளியாக வேண்டும். சிறப்புக் கூட்டம் என்றால் 24 மணி நேரம் முன்பு. இதைத் திறந்து பார்க்காமல் கூட்டத்துக்குப் போகாதீர்கள். பார்க்கும்போது கன்சென்ட் காலண்டர் என்ற பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். பத்து, இருபது விஷயங்களைக் கட்டி வைத்து ஒரே ஓட்டில் நிறைவேற்றுவது அங்கேதான். மென்பொருள் வாங்குவது, ஆலோசனை நிறுவனத்துக்குக் காண்ட்ராக்ட் கொடுப்பது, ஆள் எடுப்பது எல்லாம் அதற்குள் வரும். ஒவ்வொன்றுக்கும் கீழே இணைப்புக் கோப்பு இருக்கும். தொகையும் எந்த நிதியிலிருந்து என்பதும் பெரும்பாலும் அங்கே தெரிந்துவிடும். அதில் ஒன்றைப் பற்றிப் பேசவும் உங்களுக்கு உரிமை உண்டு. உறுப்பினர் ஒருவரிடம் முன்கூட்டியே சொன்னால் அதைத் தனியே எடுத்து விவாதிக்க அவர் கேட்கலாம்.

எல்லாப் பணமும் ஒரே பணம் என்று நினைப்பது

"புது ஜிம் கட்டக் காசு இருக்கு, டீச்சருக்குச் சம்பளம் கொடுக்கக் காசு இல்லையா?" நியாயமான கேள்வியாகத்தான் தெரியும். ஆனால் ஜிம்முக்கு வருவது பெரும்பாலும் பாண்டு பணம், அதாவது கடன் பத்திரம் விற்றுத் திரட்டிய பணம். 2000ல் வாக்காளர்கள் நிறைவேற்றிய ப்ரொபசிஷன் 39ன்படி 55 சதவீத ஓட்டில் பள்ளி பாண்டு நிறைவேறலாம். அந்தப் பணத்தை ஆசிரியர், நிர்வாகிகள் சம்பளத்துக்குத் தொடவே முடியாது. அதைக் கண்காணிக்க ஒரு மக்கள் குழுவும் கட்டாயம். அந்தக் குழுவில் சேர்ந்தால் உண்மையான கணக்கு கையில் கிடைக்கும்.

சம்பளத்துக்கான பணத்தின் கதை வேறு. பெரும்பாலான டிஸ்ட்ரிக்ட்டுகளுக்கு மாநிலம் தருவது சராசரி தினசரி வருகையை வைத்து. பதிவேட்டில் பெயர் இருந்தால் மட்டும் போதாது, பிள்ளை வகுப்பில் இருக்க வேண்டும். காய்ச்சல் என்று சொல்லி வாங்கிய லீவும் இந்தக் கணக்கில் இழப்புதான். டிசம்பரில் ஊருக்குப் போய் பொங்கல் முடிந்து திரும்பும் குடும்பங்கள் நம்மில் எத்தனை! போக வேண்டாம் என்று சொல்லமாட்டேன், தாத்தா பாட்டியைப் பார்ப்பதும் படிப்புதான். டிக்கெட் போட்டதுமே பள்ளி அலுவலகத்தில் 'இன்டிபென்டன்ட் ஸ்டடி' (வகுப்புக்கு வராமல் பாடங்களைச் செய்யும் ஏற்பாடு) கிடைக்குமா என்று கேளுங்கள். கிளம்பும் முன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, கொடுத்த பாடங்களை முடித்துக் கொடுத்தால் அந்த நாட்கள் வருகையாகக் கணக்கில் சேரும். சொல்லாமல் போனால் பள்ளிக்கும் இழப்பு, சில இடங்களில் பிள்ளையின் பெயரையே எடுத்துவிடுவார்கள். (ஃப்ரீமாண்ட் யூனியன் போல உள்ளூர்ச் சொத்து வரியே போதுமான டிஸ்ட்ரிக்ட்டுகளில் வருகைக்கும் நிதிக்கும் இந்த அளவு தொடர்பு இல்லை.)

ஓட்டெடுப்பு நாளன்று விழித்துக்கொள்வது

எனக்குத் தெரிந்து பெரிய தவறு இதுதான். 2021 அக்டோபரில் கூபர்டினோ யூனியன் போர்டு ரெக்னார்ட், மயர்ஹோல்ஸ் என்ற இரண்டு தொடக்கப் பள்ளிகளை மூட ஓட்டுப் போட்டது. மாணவர் எண்ணிக்கை அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே குறைந்துகொண்டிருந்தது. வீட்டு வாடகையும் விலையும் ஏற ஏற இளம் குடும்பங்கள் நகர்ந்துகொண்டிருந்தன. இப்படி ஒரு முடிவு வரும்போது கணக்கும் கணிப்பும் வரைபடமும் முன்பே தயாராகிவிடுகின்றன. கடைசிக் கூட்டத்தில் அழுதால் போர்டு உருகும், ஆனால் கையில் மாற்றுத் திட்டம் இருக்காது. எண்ணிக்கைக் கணிப்பு முதன்முதலில் அஜெண்டாவில் வரும் நாளே நீங்கள் போக வேண்டிய நாள்.

பட்ஜெட்டுக்கும் அப்படித்தான். ஜனவரி 10க்குள் ஆளுநர் மாநில பட்ஜெட் திட்டத்தை வெளியிடுகிறார். மார்ச் 15க்குள் ஆட்குறைப்பு முன்னறிவிப்பு ஆசிரியர்கள் கைக்குப் போக வேண்டும், அதனால் எந்த வகுப்பைக் குறைப்பது என்ற பேச்சு பிப்ரவரியிலேயே முடிந்துவிடும். மே நடுவில் ஆளுநரின் திருத்திய பட்ஜெட். ஜூனில் டிஸ்ட்ரிக்ட் பட்ஜெட்டும் எல்கேப் எனப்படும் செலவுத் திட்டமும் ஒரு கூட்டத்தில் மக்கள் கருத்துக்கு வந்து, வேறொரு நாள் கூட்டத்தில் நிறைவேறும். ஜூனில் போய் இசை வகுப்பைக் காப்பாற்றுங்கள் என்றால் காலம் கடந்துவிட்டது.

"நான் ஹெச்-1பி, எனக்கென்ன பேச்சு" என்று ஒதுங்குவதும் வேண்டாம். கூட்டத்தில் பேசக் குடியுரிமை தேவையில்லை. கூட்டத்துக்கு வர முகவரி கொடுக்க வேண்டும் என்றுகூடக் கட்டாயப்படுத்த முடியாது. ஓட்டுப் போடுவது மட்டும் வேறு விஷயம். சான் ஃப்ரான்சிஸ்கோவில் குடியுரிமை இல்லாத பெற்றோரும் பள்ளி போர்டு தேர்தலில் ஓட்டுப் போடலாம் என்று 2016ல் ஒரு தீர்மானம் நிறைவேறியது. அதைக் கேள்விப்பட்டு வேறு ஊரில் பதிவு செய்துவிடாதீர்கள், குடியேற்ற விவகாரத்தில் பெரிய சிக்கலாகும்.

சேர்க்கைப் படிவத்தில் வீட்டு மொழி தமிழ் என்று எழுதினால் பிள்ளைக்கு ஆங்கிலத் திறன் தேர்வு வைப்பார்கள் என்று பயந்து 'ஆங்கிலம்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. உண்மையை எழுதுங்கள். அந்தத் தேர்வின் முடிவில் 'ஆங்கிலம் கற்கும் மாணவர்' என்று வகைப்படுத்தப்பட்டவர்கள் 21 பேர் இருந்தாலே பள்ளியில் அந்தப் பெற்றோருக்கென ஆலோசனைக் குழு அமைத்தாக வேண்டும், 51 பேர் இருந்தால் டிஸ்ட்ரிக்ட் அளவிலும். எல்கேப் வரைவு அந்த டிஸ்ட்ரிக்ட் குழுவின் மேசைக்கு வந்தாக வேண்டும், அவர்கள் எழுதும் கருத்துக்கு சூப்பரின்டெண்டன்ட் எழுத்தில் பதில் தர வேண்டும். அங்கே உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்கு மூன்று நிமிட டைமர் கிடையாது.

சட்டம் மீறப்பட்டது என்று தோன்றினால் மட்டும் வேறு வழி. எழுத்தில் புகார் கொடுங்கள். 'யூனிஃபார்ம் கம்ப்ளெய்ன்ட்' எனப்படும் பொதுப் புகார் முறையில் (சீருடைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) டிஸ்ட்ரிக்ட் 60 நாட்களுக்குள் விசாரித்துப் பதில் தர வேண்டும். ஆவணம் வேண்டுமென்றால் பொது ஆவணச் சட்டத்தின் கீழ் கேளுங்கள், தருவார்களா மாட்டார்களா என்பதை 10 நாட்களுக்குள் சொல்ல வேண்டும். தேதியோடு கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.