மூன்று வேளை ஜெபம்: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

"ஜெபிக்கத் தோன்றும்போது ஜெபித்தால் போதாதா? மணி பார்த்து ஜெபித்தால் அது வெறும் கடமை ஆகிவிடாதா?" என்று பலர் கேட்கிறார்கள். அவர்களை வேதாகமத்தில் அப்போஸ்தலர் 10-ஆம் அதிகாரம் வாசிக்கச் சொல்வேன். ரோமப் படைத் தலைவரான கொர்நேலியு ஒன்பதாம் மணியில், அதாவது நம் கணக்கில் பிற்பகல் 3 மணிக்கு, வீட்டில் ஜெபித்துக்கொண்டிருந்தபோது தேவதூதன் வந்தான். மறுநாள் நண்பகலில் பேதுரு ஜெபிக்க மேல்வீட்டில் ஏறினார். அவருக்கு நல்ல பசி வேறு. அந்த வேளையில்தான் புறஜாதியாருக்கு, அதாவது யூதரல்லாதவர்களுக்கு, சுவிசேஷத்தின் கதவு திறந்த தரிசனம் வந்தது. விசேஷ ஏவுதல் வந்து ஜெபிக்கப் போனார்கள் என்று அங்கே எழுதியில்லை. வேளை வந்தது, ஜெபித்தார்கள், கர்த்தர் பேசினார்.

சரி, எப்படித் தொடங்குவது?

1. வேளையைக் குறியுங்கள். "அந்தி சந்தி மத்தியான வேளைகளிலும்" என்கிறது சங்கீதம் 55:17. மூன்று வேளை போதும். தினமும் தவறாமல் செய்கிற ஒரு வேலையோடு ஒவ்வொன்றையும் சேர்த்துவிடுங்கள்: காலையில் முகம் கழுவியதும், மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்குமுன், இரவில் படுக்கை விரித்ததும். காலையில் போனைத் தொடுவதற்கு முன்பே ஜெபித்துவிடுவது நல்லது. வாட்ஸ்அப்பைத் திறந்துவிட்டால் மனம் அங்கேயே போய்விடும்.

2. வார்த்தைகளைத் தயாராக வையுங்கள். என்ன சொல்வது என்று தெரியாமல்தான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். ஆதிச்சபையின் பழைய நூலான டிடாக்கே, இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை ஜெபிக்கச் சொல்கிறது. நீங்களும் அதையே எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் மளமளவென்று ஒப்பிக்காதீர்கள். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்றதும் நில்லுங்கள். கட்டவேண்டிய பள்ளிக் கட்டணம், வேலை போன பக்கத்து வீட்டுக்காரர், இவற்றை அங்கே சொல்லுங்கள். "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற இடத்தில் ஒரு முகம் மனதில் வரும். அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள், அந்த ஆளின் பெயரைச் சொல்லியே ஜெபியுங்கள். இப்படி ஜெபித்தால் ஐந்து நிமிடம் எங்கே போனதென்றே தெரியாது.

அப்புறம், காலைக்கு 5-ஆம் சங்கீதம், இரவுக்கு 4-ஆம் சங்கீதம். இரண்டும் சிறியவை. "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்" என்று முடிகிற சங்கீதத்தை இரவில் சொல்லிப் பாருங்கள், புரியும்.

3. மத்தியான ஜெபத்தைச் சின்னதாக வையுங்கள். மூன்றில் முதலில் விட்டுப்போவது இதுதான். அலுவலகத்தில் முழங்காற்படியிட முடியாது, அது தேவையும் இல்லை. பெர்சியாவின் அர்தசஷ்டா ராஜா தமக்குப் பானபாத்திரக்காரராயிருந்த நெகேமியாவிடம் "நீ கேட்கிற காரியம் என்ன" என்றார். நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணிவிட்டு ராஜாவுக்குப் பதில் சொன்னார். நின்றபடியே, ஒரு மூச்சு நேரத்தில். உங்களுக்கும் அவ்வளவு போதும். கண்ணைக்கூட மூட வேண்டியதில்லை.

4. வீட்டில் குடும்ப ஜெபம் இருந்தால் அதையே இரவு வேளையாக வைத்துக்கொள்ளுங்கள். தொடங்கும்போதே பாரத்தைக் கூட்ட வேண்டாம்.

5. மனம் வறண்ட நாளிலும் அதே வேளையில் உட்காருங்கள். ராஜாவைத் தவிர யாரையும் நோக்கி 30 நாள் விண்ணப்பம் செய்யக்கூடாது என்ற கட்டளையில் கையெழுத்து விழுந்தது தெரிந்தும் தானியேல் "தான் முன் செய்துவந்தபடியே" மூன்று வேளையும் முழங்காற்படியிட்டார் என்று வேதம் சொல்கிறது. கட்டளையை மீறியதற்காகச் சிங்கக்கெபியில் (சிங்கங்களின் குகையில்) போடப்பட்ட பிறகு தொடங்கிய ஜெபம் அல்ல அது. உங்களுக்கு ஒன்றும் சொல்லத் தோன்றாவிட்டால் சங்கீதத்தை மட்டும் வாசித்துவிட்டு எழுந்திருங்கள். அதுவும் ஜெபம்தான்.

6. ஒரு வேளை தவறிப்போனால் வட்டியும் முதலுமாகச் சேர்த்துச் செலுத்தப் பார்க்காதீர்கள். காலை போனது போகட்டும், மத்தியானம் மத்தியான ஜெபத்தை மட்டும் செய்யுங்கள். ஒரு வாரமே விட்டுப்போனாலும் இதே முறைதான். திங்கட்கிழமைக்கோ மாதப் பிறப்புக்கோ காத்திருக்காமல், அடுத்து வருகிற வேளையில் தொடங்கிவிடுங்கள்.